கோட்டுக்கு இந்தப் பக்கம்

கால் கோட்டின் மேல் இருந்தது.

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் கோட்டின் மேல்தான் இருந்தது. கணினித் திரையைச் சட்டை நுனியால் துடைத்தார். தூசி போயிற்று, கால் போகவில்லை.

கூடைப்பந்து லீக்கின் சீசன் முடிந்ததும், மொத்த சீசனையும் ஒரே படமாகச் சுருக்கி நிறைவு விழாவில் பெரிய திரையில் காட்டுவது வழக்கம். சுருக்குகிறவர் எடிட்டர். மாதக்கணக்கில் ஓடிய ஓட்டம், வழிந்த வியர்வை, உடைந்த மூக்கு எல்லாவற்றையும் பிழிந்து, ஜனங்கள் கொட்டாவி விடுவதற்குள் முடித்துவிட வேண்டும். கூரை ஒழுகிய அன்று குடை பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்த்த கூட்டம் படத்தில் வந்தாயிற்று. பந்தைப் போட எகிறி, வளையத்தைப் பிய்த்து, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கீழே இறங்கிய ஆட்டக்காரரும் வந்தாயிற்று. தோற்றுத் தோற்று ஊர் சிரித்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் ஜெயிக்க ஆரம்பித்து இறுதிப் போட்டி வரைக்கும் வந்து நின்ற நாரைகள் அணியின் கதையும் உருக்கமாக வந்துவிட்டது. பாக்கி இருந்தது கடைசிப் பந்து ஒன்றுதான்.

அந்தப் பந்து ஊருக்கே தெரிந்த பந்து. இறுதிப் போட்டி முடிய மூச்சு விடும் நேரம்தான் பாக்கி. நாரைகள் ஒரு புள்ளி முன்னால். எதிரணியான காட்டெருமைகளின் குள்ளர் மூலையிலிருந்து பந்தை விட்டெறிந்தார். குள்ளர் என்றால் அந்த அணியில் குள்ளர். அவர் வீட்டுக்கு வந்தால் நம் மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. பக்கத்தில் நின்ற நடுவர் கூடை செல்லும் என்று கையைத் தூக்கினார். மணி அலறியது. காட்டெருமைகளுக்குக் கோப்பை.

எல்லாக் கேமராவும் பந்தைப் பார்த்தன, எல்லாக் கண்ணும் பந்தைப் பார்த்தன. எடிட்டர் தன் ஆசைக்காகத் தரையோடு தரையாக ஒட்டிவைத்திருந்த குட்டிக் கேமரா மட்டும் குள்ளரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிகால் பக்கக் கோட்டின் மேல், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு. கோட்டை மிதித்தால் பந்து வெளியே போன கணக்கு. கூடை செல்லாது. கோப்பை நாரைகளுக்கு.

இதில் முடிவு மாறிவிடுமே என்ற பயம் கிடையாது. ஆட்டத்தாளில் நடுவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் வானமே இடிந்தாலும் முடிவு முடிவுதான் என்பது லீக் விதி. பயம் வேறு. கையைத் தூக்கிய அந்த நடுவர், எடிட்டரின் மனைவி.

லீக்கில் அவருக்குப் பெயர் நடுவரம்மா. அவர் உள்ளே விசில் அடித்தால் வெளியே சாலையில் பஸ் நிற்கும். வீட்டில் விசில் கிடையாது, சைகை மட்டும்தான். எடிட்டர் ஒரு சட்டையை எடுக்க அலமாரி முன் அதிக நேரம் நின்றால், நேரம் முடிந்தது என்று தோளைத் தட்டிக் காட்டுவார். டீவி ரிமோட்டை ஒளித்தால் பிடித்துவைத்த குற்றம். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் எடிட்டர் ஒரு தீர்ப்பைக்கூட எதிர்த்தது கிடையாது, எதிர்க்கத் தோன்றியதும் கிடையாது.

இந்த சீசனோடு நடுவரம்மாவுக்கு ஓய்வு, முழங்கால் மறுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் சிறந்த நடுவர் விருது அவர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அது ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் விருது. நடுவருக்கு ஓட்டுப் போடச் சொன்னால் ஆட்டக்காரர்கள் பல் பிடுங்கும் டாக்டரை நினைத்துக்கொள்கிற முகத்தோடுதான் போடுவார்கள். இந்த வருஷம் என்ன அதிசயமோ, ஓட்டெல்லாம் மொத்தமாக அவருக்கே விழுந்திருந்தது. படம் முடிந்ததும் அதே மேடையில் விருது.

அந்த மேடைக்கு முன்னால் அந்தக் காலைப் பெரிய திரையில் காட்ட முடியுமா?

எடிட்டரின் உடம்பு வேறு ஒரு தினுசு. பார்வையாளர்கள் நடுவரம்மாவைத் திட்டினால் நடுவரம்மா வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவார். இவருக்கு வயிறு கலங்கும். ஒருமுறை யாரோ 'கண்ணு தெரியலையா' என்று கத்திவிட, இவர் படுக்கையில் விழுந்து, நடுவரம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்து, 'அவன் என்னைத்தாங்க கேட்டான், உங்களை இல்ல' என்று தேற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே எடிட்டர் செய்த முதல் காரியம், கதவைத் தாழ்போட்டது. இரண்டாவது காரியம், கடைசிப் பந்தையே வெட்டி எறிந்தது. குள்ளர் பந்தைக் கையில் வாங்குகிறார். அடுத்த காட்சியில் கோப்பையை முத்தமிடுகிறார். நடுவில் நடந்ததை அவரவர் ஊகித்துக்கொள்ள வேண்டியது.

அன்று சாப்பிடும்போது நடுவரம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடைசிப் பந்து எப்படிங்க வந்திருக்கு?"

எடிட்டருக்குப் புரையேறியது. "ஜோரா வந்திருக்கும்மா."

"எந்தக் கேமராவுல?"

"மேல இருக்கிறது. ரொம்ப மேல."

நடுவரம்மா தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். எல்லாரும் பார்த்த பந்துதானே, போடாமலே விட்டால்தான் என்ன என்று மெல்லச் சொன்னார். தன் கடைசி ஆட்டத்தைப் பற்றிக்கூடப் பெருமை அடித்துக்கொள்ளத் தெரியாத பெண்பிள்ளை என்று எடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் புரையைக் காரணம் சொல்லிவிட்டார்.

மறுநாள் லீக் செயலாளர் படத்தைப் பார்க்க வந்தார். செயலாளருக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். பேனாவே உலக்கை மாதிரிதான் வைத்திருப்பார். கடைசிப் பந்து இல்லாத படத்தைப் பார்த்துவிட்டு, இது மாப்பிள்ளையை விட்டுவிட்டு எடுத்த கல்யாண போட்டோ என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு, கணினியில் இருந்த எல்லாவற்றையும் தானே திறந்து பார்த்தார். எடிட்டர் டீ சொல்கிறேன் என்றார், பிஸ்கட் சொல்கிறேன் என்றார், நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். செயலாளர் தரைக் கேமராவின் படத்துண்டைத் திறந்துவிட்டார்.

"என்னய்யா இது? இவ்வளவு அழகான ஷாட்டை உள்ள பூட்டி வெச்சுக்கிட்டு, மாப்பிள்ளை இல்லாம படம் காட்டறீரு?"

நல்லகாலம், அவர் பார்த்தது குள்ளரின் முகத்தை. தரையிலிருந்து எடுத்த காட்சியில் குள்ளர் ஆகாயத்துக்கு வளர்ந்து, பின்னால் விளக்குகள் நட்சத்திரமாகச் சிதறி, கையிலிருந்து பந்து நிலா மாதிரி புறப்பட்டது. காலை யார் பார்ப்பார்கள்? ஆனால் விழாவுக்கு வரப்போகிறவர்கள் எல்லாம் ஆட்டக்காரர்கள். முகத்தைப் பார்க்காவிட்டாலும் காலைப் பார்க்கிற ஜாதி. அதோடு இந்த ஷாட்தான் படத்தின் முடிவு என்று செயலாளர் மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எடிட்டர் யோசித்து, லீக்கின் சின்னத்தை எடுத்தார். சிறகு முளைத்த பந்து. அதைச் சுழலவிட்டுச் சரியாகக் குள்ளரின் குதிகால் மேல் ஒட்டினார். கால் மறைந்தது, கோடு மறைந்தது. அவருக்கே தன் மூளையைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

செயலாளருக்கும் அது பிடித்துவிட்டது, அதுதான் வினை. நேராகக் கண் அங்கேதானே போகிறது என்று பரவசப்பட்டார். ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும், படம் முழுக்கப் போடும் என்றார். அதுவும் இப்படியே காலடியில், பறக்கிற மாதிரி.

ஆக, எடிட்டர் மொத்த சீசனுக்கும் கால் இல்லாமல் செய்தார். காட்டெருமைகள் சிறகு முளைத்த பந்துகளின் மேல் மிதந்து வந்தன. நாரைகள் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் எகிறின. கூரை ஒழுகிய காட்சியில் தரை துடைக்க வந்தவருக்கும் கால் போயிற்று. பேய்களுக்கு ஒரு லீக் நடத்தினால் அதன் சீசன் படம் இப்படித்தான் இருக்கும்.

அதையும் பார்த்துச் செயலாளர் 'ஆஹா' என்றிருப்பார். ஆனால் அன்று அவர் கூடவே ஷூ கம்பெனி மேனேஜர் அம்மாவை அழைத்து வந்திருந்தார். லீக்கில் ஓடுகிற அத்தனை காலுக்கும் ஷூ கொடுத்தது அந்தக் கம்பெனி. மேனேஜர் அம்மா படம் தொடங்கியதும் புன்னகையோடு உட்கார்ந்தார். பாதியில் புன்னகை நின்றது. முடிவில் கைப்பையை மூடினார்.

"ஒரு ஷூ கூட இல்லையே சார்," என்றார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சீசன் முழுக்க நாங்க செருப்புக் கூட குடுக்கலைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

செயலாளர் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு எடிட்டர் பக்கம் திரும்பியது. என்ன அநியாயம், யார் இந்தச் சின்னத்தையெல்லாம் கால்மேல் ஒட்டச் சொன்னது என்று கேட்டார். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். மேனேஜர் அம்மாவைச் சமாதானம் செய்ய, ஒரே ஒரு ஷூவையாவது திரை முழுக்க, மெதுவாக, தையல் தெரிகிற மாதிரி காட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். எந்த ஷூ என்று மேனேஜர் அம்மா கேட்டார்.

"கோப்பையை ஜெயிச்சுக் கொடுத்த ஷூதாம்மா. வேற எது?"

எடிட்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மறைக்கப் போன கால், இப்போது வீட்டுக் கதவு அளவுக்குப் பெரிதாக, விளக்குப் போட்டு, நிதானமாக வந்து நிற்கப் போகிறது.

வீட்டில் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நடுவரம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். படத்தில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தார். ஒன்றும் இல்லை என்றார் எடிட்டர். நடுவரம்மா சிறிது நேரம் அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, என்னவோ சொல்ல வாயெடுத்து, அப்புறம் மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார். விருது வாங்கும் தினத்துக்காக நாற்காலி மேல் அயர்ன் செய்த உடுப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எடிட்டருக்கு ஒன்று தெளிவாயிற்று. காலை மறைக்க முடியாது. எடுக்கவும் முடியாது. அப்படியானால் நகர வேண்டியது கால் அல்ல.

மறுநாள் காலை அவர் வெள்ளைக் கோட்டில் கைவைத்தார்.

ஒரு கட்டைவிரல் அகலம் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றுதான் தொடங்கினார். பழைய கோட்டைப் பிரேம் பிரேமாக அழித்தார். வேறொரு ஆட்டத்திலிருந்து ஒரு துண்டுக் கோட்டைக் கடன் வாங்கிப் புது இடத்தில் வைத்தார். கடன் வாங்கிய கோடு அப்போதுதான் வண்ணம் அடித்த கோடு, பளிச்சென்று சிரித்தது. அதற்கு அழுக்குப் பூசினார். அழுக்குக்குத் தோதாகத் தரையின் நிறத்தை மாற்றினார். தரை மாறியதும் குள்ளரின் நிழல் வேறு யாருடையதோ போலத் தெரிந்தது, அதையும் மாற்றினார். இவ்வளவும் ஆன பிறகு பார்த்தால், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்த பத்திரிகை போட்டோகிராபரின் முழங்கால் ஆட்டக்களத்துக்குள் வந்திருந்தது. வேறு வழியில்லை, முழங்காலை அழித்தார். போட்டோகிராபர் ஒரு காலோடு தியானத்தில் உட்கார்ந்த மாதிரி ஆனார். பக்கத்திலிருந்த விளம்பரப் பலகையில் ஓர் எழுத்து போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

முடித்துவிட்டுச் சாய்ந்து பார்த்தார். குள்ளரின் குதிகால் சுத்தமாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. வாழ்க்கையில் தான் செய்த மிக அழகான அயோக்கியத்தனம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் நாரைகளின் ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் சிரித்தபோதும் எழுந்து வந்த அணி. கோப்பை அவர்களுடையது. அது அவர்களுக்கும் தெரியாது, கையைத் தூக்கியவளுக்கும் தெரியாது. உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும், இவர்தான் கோடு போட்டு மூடுகிறார்.

விழா அன்று விளையாட்டரங்கத்தின் தரையிலேயே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு எந்த நாற்காலியும் போதவில்லை. எல்லாருக்கும் முழங்கால் மோவாயில் இடித்தது. நடுவரம்மா, விசில் இல்லாத கழுத்தை அடிக்கடி தடவிக்கொண்டு எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது.

படம் ஓடியது. குடை பிடித்த கூட்டத்துக்குச் சிரித்தார்கள், வளையம் மாட்டிய கழுத்துக்குக் கைதட்டினார்கள், நாரைகள் எழுந்த கதைக்கு விசில் பறந்தது. பிறகு குள்ளர் மூலையில் பந்தை வாங்கினார். காட்சி மெதுவாயிற்று. ஷூ வந்தது.

அப்பப்பா, எவ்வளவு பெரிய ஷூ. கயிற்றின் முடிச்சு ஒரு ஆள் உயரம் இருந்தது. மேனேஜர் அம்மா கைகளைக் கோத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். அதற்குப் பக்கத்திலேயே வெள்ளைக் கோடு, ராஜபாட்டை மாதிரி.

அரங்கத்தில் சத்தம் அடங்கியது. ஆட்டக்காரர்கள் எல்லாரும், ஒருவர் பாக்கி இல்லாமல், நாற்காலி நுனிக்கு வந்து திரையைக் குனிந்து பார்த்தார்கள். எங்கிருந்தோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். இன்னொருவர் சிரித்தார். அப்புறம் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. குள்ளர் தன் காலைத் தானே குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு கைதட்டினார். ஷூவுக்கு இவ்வளவு மரியாதையா என்று மேனேஜர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோகிராபர் மட்டும் தன் முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடிட்டர் பயந்து பயந்து பக்கத்தில் திரும்பினார். நடுவரம்மா ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார், கன்னத்தில் நீர் வழிந்தது. இன்னொரு கை இருட்டில் தேடி வந்து எடிட்டரின் கையைப் பிடித்து, எலும்பு நோக இறுக்கியது. விருது வாங்கப் போகிற சந்தோஷம், பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

விளக்கு வந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவரம்மா மேடை ஏறியபோது கைதட்டல் கூரையில் மோதி, ஒழுகுகிற இடத்தை இன்னும் பெரிதாக்கியிருக்கும். எடிட்டர் உட்கார்ந்தே கைதட்டி, உட்கார்ந்தே அழுதார்.

காலியான பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார, அது முனகியது. நாரைகளின் கேப்டன்.

படம் பிரமாதம் என்றார் கேப்டன். நன்றி என்றார் எடிட்டர். கேப்டன் மேடையைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்டார்.

"கோட்டை நகர்த்த ரொம்ப நேரம் பிடிச்சுதா சார்?"

எடிட்டருக்கு ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும், மனுஷர் கேப்டனின் பெரிய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கோப்பை உங்களுதுதான் தம்பி. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நாளைக்கு என்னை எந்தப் பத்திரிகையில வேணாலும் கிழிச்சுத் தொங்கவிடுங்க. ஏமாத்துக்காரன்னு எழுதச் சொல்லுங்க. இந்த ஒரு நாள், அவ அந்த மேடையை விட்டு இறங்கற வரைக்கும், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

கேப்டன் அவரை வினோதமாகப் பார்த்தார். பிறகு மேடையில், விருதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் தன் வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டிருந்த நடுவரம்மாவைப் பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து மெல்ல வளைந்து, எடிட்டரின் காதருகே வந்தார்.

"கையைத் தூக்கின அப்புறம்தான் காலைப் பார்த்தேன், அந்தக் கூச்சல்ல கையெழுத்தும் போட்டுட்டேன், தப்பு பண்ணிட்டேன்னு, நாங்க ஷூவைக் கழட்டறதுக்குள்ள எங்க ரூம் வாசல்ல வந்து நின்னு சொன்னவங்க சார் அவங்க; அதுக்குத்தான் லீக்ல அத்தனை ஆட்டக்காரங்களும் அவங்களுக்கு ஓட்டுப் போட்டோம், அவங்க எங்ககிட்ட கேட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், 'எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு'ன்னு."